எட்டாம் மாடிக்காரன்

ரூசே
பல்கேரியா
4 ஏப்ரல் 2006

வெலினா என்பவருக்கு,

என் பெயர் ராத்கா. நீங்கள் எனக்கு யாரென்றே தெரியாது. உங்கள் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர் அச்சகத்துக்குப் போய், "இதை யார் அடிக்கச் சொன்னாங்கன்னு தெரியாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்" என்று நின்றேன். அங்கே இருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சோஃபியாவிலிருந்து நீங்கள் அனுப்பிய ஃபேக்ஸையே எடுத்து நீட்டிவிட்டான்.

என் கணவர் ஒக்னியான் பிப்ரவரி இருபதாம் தேதி கப்பல் பட்டறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர், அந்த மேசையிலேயே சாய்ந்து போய்விட்டார். மாரடைப்பு. நாற்பதாம் நாளுக்கு நான் அவர் படம் போட்டு அஞ்சலித் தாள் அடித்து, எங்கள் கட்டடத்து வாசல் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினேன். பட்டறைக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒன்று ஒட்டினார்கள். அது முறை, அதில் எனக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பினால் கதவில் மூன்றாவதாக ஒன்று. அதே முகம், வேறு பெயர். "எங்கள் எட்டாம் மாடிக்காரனுக்கு. உன் பக்கம் திறந்தே இருக்கிறது. நண்பர்கள்."

எங்கள் வீடு எட்டாம் மாடிதான். ஆனால் அந்த "எங்கள்" யாருடையது?

படத்தையும் பார்த்தேன். கையில் பீர் குவளை, வாயைத் திறந்து சிரிக்கிறார், உடைந்த பல் தெரிகிறது. அந்தப் பல் உடைந்த நாளிலிருந்து அவர் எந்தப் படத்திலும் வாயைத் திறந்ததில்லை. அண்ணன் மகள் கல்யாணத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு நின்ற மனுஷன். உங்கள் எதிரே மட்டும் எப்படித் திறந்தது?

நான் கிழித்தேன். நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு பசை போட்டிருந்தீர்கள். அதற்குள் ஐந்தாம் மாடி சோன்கா படித்துவிட்டாள். "ராத்கா, ஒக்னியானுக்கு வேற எங்கயாவது குடும்பம் இருந்துச்சா?" என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

பட்டறை வேலையாக சோஃபியா போகிறேன் என்று இரண்டு முறை போனார். சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியது நான்தான்.

அந்தப் பக்கம் என்பது இன்டர்நெட்டில் இருக்கிறதாமே. பட்டறைக்காரர் ஒருவரை வைத்து அதைத் தேடிக் கண்டுபிடித்து, அதை வைத்திருக்கும் கம்பெனிக்கு போன் செய்தேன். மனைவி காகிதத்தோடு வந்து கேட்டால் எடுத்துவிடுவோம் என்றார்கள். ஆகஸ்டில் ஆறு மாத நினைவு நாள். அதற்குள் அது இருக்காது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். காகிதத்தில் எழுதுங்கள், எனக்கு கம்ப்யூட்டர் வராது. நான் எழுதியதைக் கொண்டுபோய் அங்கே ஒட்டிவைக்கவும் வேண்டாம்.

ராத்கா


சோஃபியா
11 ஏப்ரல் 2006

மதிப்புக்குரிய ராத்கா அக்காவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது, இது எப்படி இருந்தாலும் அனுப்பிவிடப் போகிறேன்.

முதலில் மன்னிப்பு. பட்டறைக்காரர்கள் ஒட்டுகிற மாதிரி நாங்களும் ஒன்று ஒட்டலாம் என்றுதான் நினைத்தோம். உங்கள் வாசல் கதவு அது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் ஆளுக்கொரு வலைப்பதிவு வைத்து, அன்றன்றைக்குத் தோன்றியதை எழுதுகிற கூட்டம். படித்தவர்கள் கீழே பின்னூட்டம் போடுவார்கள். சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. நான் அங்கே "ஈரக்குடை". அவர் "எட்டாம் மாடிக்காரன்". பிப்ரவரியில் அவர் எழுதுவது நின்றது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம், கோபமாக இருக்கும் என்று நினைத்தோம். எங்களில் ஒருவர் ரூசேக்காரர். பஸ் நிறுத்தத்தில் நீங்கள் ஒட்டிய தாளைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அவர் பெயர் ஒக்னியான் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரைப் போட எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? தெரிந்த பெயரைப் போட்டோம்.

நீங்கள் கேட்காமல் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை பதிவர் சந்திப்புக்கு வந்தார். பத்துப் பதினைந்து பேர், ஒரு பீர்க்கடையில் நீள மேசை. வந்தபோதும் போனபோதும் கைகுலுக்கினார். அவ்வளவுதான், அக்கா.

பட்டறையில் வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இருந்து எழுதுவாராம். காலையில் ஆபீசுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நான் அதைத்தான் திறப்பேன். முதல் பின்னூட்டம் எப்போதும் என்னுடையது. வேறு யாராவது முந்திக்கொண்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சலாக இருக்கும். சிரிக்காதீர்கள். நான் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கோப்புகளோடு இருக்கிறவள். விவாகரத்து ஆனவள். அப்பா மட்டும் என்னோடு இருக்கிறார், அவருக்குக் காது கேட்காது. என் நாளில் நான் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான். இவ்வளவு சிரிப்பாக எழுதுகிற ஆளை நான் பார்த்ததில்லை. இவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று பொறாமையாக இருக்கும்.

பக்கத்தை எடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு அவர் கல்லறை இருக்கிறது, கோட்டு இருக்கிறது, தாளில் பெயர் போடுகிற உரிமை இருக்கிறது. எங்களுக்கு அது ஒன்றுதான். இதை எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் அடித்தால் ஆறாவது முறை எழுத வேண்டிவரும்.

வெலினா


ரூசே
19 ஏப்ரல் 2006

வெலினா,

என்னை அக்கா என்று கூப்பிடாதே. நான் உனக்கு எந்த ஊரில் அக்கா ஆனேன்? வயதில் சின்னவள் என்று தெரிந்துவிட்டது, இனி "நீ" தான்.

கொடுத்துவைத்தவளாம். உன் கடிதத்தை நான் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து படித்தேன். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. வர்னா பஸ்ஸுக்கு நின்றவனுக்கு சிலிஸ்த்ரா டிக்கெட்டைக் கொடுத்துவிட்டேன், அப்படி ஆகிவிட்டது அதைப் படித்து.

ஒக்னியான் சிரிப்பாகப் பேசுகிறவரா? எந்த ஒக்னியான்? என் வீட்டில் இருந்தவர் சாயங்காலம் வருவார், செருப்பைக் கழற்றுவார், மேசையில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நாளுக்கு நான்கு வாக்கியம். "ரொட்டி இருக்கா?" "லிஃப்ட் ஓடலை." "அம்மா போன் பண்ணாங்களா?" "நான் படுக்கப் போறேன்." மீதிப் பேச்சு முழுக்க என்னுடையது. கவுண்டரில் எவன் என்ன சொன்னான், கீழே யார் யாரோடு சண்டை, எல்லாம் சொல்வேன். அவர் பேப்பரைப் புரட்டுவார். பேப்பருக்குத்தான் நான் இத்தனை வருஷம் வாழ்க்கைப்பட்டேன். "நீங்க காது கேக்கிறவரா இல்லையா?" என்று கேட்டால் "ம்" என்பார்.

அவர் செத்த பிறகு வீட்டில் சத்தம் குறைந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். எங்கே குறைய? சத்தம் போட்டது நான், நான் இருக்கிறேனே. சோன்கா தினமும் துக்கம் கேட்க வருகிறாள். அவள் வந்து உட்கார்ந்தால் துக்கமே எழுந்து, "நான் அப்புறம் வர்றேன்" என்று போய்விடும். ஹீட்டர் பில் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் சூடு பில்லில் மட்டும்தான் வரும். குளிர்காலம் முழுக்க பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் குளிர் காய்ந்தோம். இப்போது ஒருத்திக்கு அதே பில்.

உனக்குப் பொறாமை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்? நல்ல வார்த்தை எல்லாவற்றையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டு எனக்குத் தட்டைக் கழுவக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வேறொரு பெண்ணாக இருந்திருந்தால்கூட எனக்குப் புரியும். முடியைப் பிடித்து இழுத்திருப்பேன், ஆறியிருக்கும். ஒரு மேசை நிறைய ஆட்களை எப்படிப் பிடித்து இழுப்பது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாரா? நானே போய்ப் படிக்கலாம் என்கிறார்கள். நான் படிக்க மாட்டேன். தேடித் தேடிப் பார்த்து இல்லை என்று தெரிந்துகொள்ள என்னால் ஆகாது. உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுது. என்னை வைத்தே சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ராத்கா


சோஃபியா
2 மே 2006

ராத்கா அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். உண்டு என்று சொன்னால் நீங்கள் பக்கத்தை விட்டுவைப்பீர்கள் என்றும் தோன்றியது. ஆனால் யாரையாவது வைத்து நீங்கள் படிக்கச் சொன்னால் அடுத்த நாளே வெளிச்சமாகிவிடும். நான்கு வருஷமாக அவர் எழுதியதை எல்லாம் திரும்ப ஒருமுறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, பட்டறை மேலாளர் இருக்கிறார், பால்கனியில் மிளகாய் சுட்ட வாசனை இருக்கிறது. மனைவி என்ற சொல் இல்லை. வெகுநாள்வரை நாங்கள் அவரைத் தனிக்கட்டை என்றுதான் நினைத்தோம். அதில் எனக்கு, வேண்டாம், எழுதிவிடுகிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் ஆசையும் இருந்தது. இரண்டாவது சந்திப்பில் அவர் விரலில் மோதிரத்தைப் பார்த்தேன். "மேல தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டேன். "எட்டாம் மாடியில ரெண்டு பேர்" என்றார். பிறகு மெனு அட்டையை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, முகம் தெரியாத அந்த இரண்டாவது ஆள் மேல் எனக்கு வந்த கோபம் எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த இரண்டாவது ஆளுக்குத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களைக் காயப்படுத்தச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான் சொல்கிறேனோ என்று இந்த வரியை எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று, சும்மா கேட்கிறேன். சோன்கா வந்தால் துக்கம் எழுந்து போய்விடும் என்று எழுதியிருந்தீர்களே, அது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? அவர் சொல்லிக் கேட்டதா? பில்லை வைத்துக் குளிர் காய்வதும்? பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

வெலினா


ரூசே
10 மே 2006

வெலினா,

இல்லை என்றால் இல்லை. நல்லது.

அவர் தனிக்கட்டையாக உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தபோது போட்டிருந்த சட்டை என் கையால் இஸ்திரி போட்டது. பையில் வைத்திருந்த பாலாடைக்கட்டி பனிட்சா நான் சுட்டது. அதையாவது உங்களோடு பகிர்ந்து சாப்பிட்டாரா, அல்லது அதையும் கடையில் வாங்கியது என்றாரா?

நேற்று கம்பெனிக்குக் காகிதங்களை அனுப்பிவிட்டேன். ஜூலை முடிவதற்குள் எடுத்துவிடுவார்கள். நான் இல்லாத இடத்தில் அவரும் இருக்க வேண்டாம்.

கேள்வி கேட்கிறாளாம் கேள்வி. வாயில் வருவதைப் பேசுகிறேன், இதெல்லாம் எங்கிருந்து கிடைக்கும், ரேஷனிலா? அவர் சொல்லிக் கேட்டதா என்கிறாய். "ரொட்டி இருக்கா" என்பதைத் தவிர அந்த மனுஷனிடமிருந்து நான் கேட்டது ஒன்றும் இல்லை என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். பாதிதான் படித்தாய் போலிருக்கிறது.

இனி எழுதாதே.

ராத்கா


சோஃபியா
28 மே 2006

ராத்கா அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள், அக்கா என்று கூப்பிடாதே என்றீர்கள். இரண்டையும் மீறுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள், ஆனால் கூட வைத்திருக்கிற தாள்களைக் கிழிக்காதீர்கள். அவர் பக்கத்திலிருந்து அச்செடுத்தவை. எல்லாம் இல்லை, ஒரு கட்டு மட்டும்.

உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படிக்கும்போது நான் சிரித்துவிட்டேன். துக்கக் கடிதம் அது, என் மேல் கோபமாக எழுதியது, ஆனால் சிரித்துவிட்டேன். காலையில் கோட்டோடு உட்கார்ந்து சிரிப்பேனே, அதே சிரிப்பு. பிறகு பயமாகிவிட்டது. துக்கம் எழுந்து "அப்புறம் வர்றேன்" என்று போகும் என்பதை நான் இரண்டு வருஷம் முன்னால் படித்திருக்கிறேன். அங்கே அது வேறு யாருடைய சாவு வீடோ, சோன்கா என்ற பெயர் இல்லை, "அஞ்சாம் மாடி" என்று இருக்கும். அதற்கு நாற்பது பேருக்கு மேல் பின்னூட்டம் போட்டார்கள். பில்லை வைத்துக் குளிர் காய்வதை ஒருவர் தன் பக்கத்தின் நெற்றியிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

அவர் உங்களிடம் சொல்லி நீங்கள் திருப்பிச் சொல்கிறீர்களோ என்று ஒரு ஆசை எனக்கு. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அப்படி இல்லை என்று எழுதிவிட்டீர்கள். அந்தக் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். நான் பேசாமல் இருந்தால் பக்கம் போய்விடும். போனால் என்ன? அவர் எழுதியது முழுக்க நான் என் கம்ப்யூட்டரில் எடுத்துவைத்திருக்கிறேன். அது எனக்கு மட்டும் என்று ஆகிவிடும், எனக்குத் தெரிந்த எட்டாம் மாடிக்காரனாகவே இருப்பார், மனைவி இல்லாமல். அவ்வளவு பொறாமை எனக்கு இருக்கிறது, அக்கா. என்னை நானே இப்படி நினைத்ததில்லை.

ஆனால் நீங்கள் எடுக்கச் சொல்லியிருப்பது அவருடையதை இல்லை. உங்களுடையதை.

மனைவி என்ற சொல் இல்லை என்று எழுதினேன், அது உண்மை. ஒரு தாளில்கூட நான் கோடு போடவில்லை. எது எது உங்கள் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முதல் தாள் லிஃப்டைப் பற்றியது. "கம்யூனிஸ்டுக் கட்சிக் காலத்தில் வேலைக்கு வந்தது, கட்சி போனதும் இதுவும் வேலையை விட்டுவிட்டது, சம்பளம் மட்டும் மாதாமாதம் வாங்குகிறது." அதைப் படித்துத்தான் நான் அவர் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். அதுவும் நீங்கள்தானா?

வெலினா


ரூசே
7 ஜூன் 2006

வெலினா,

திருடன்.

லிஃப்ட் நான் சொன்னது. உருளைக்கிழங்கு மூட்டையை ஆறாம் மாடியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவர் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலாளரைப் பற்றியதும் நான் சொன்னது, அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. மிளகாய் சுடுவது என் மிளகாய், என் பால்கனி. எல்லாம், எல்லாம். பாத்திரம் துலக்கும்போது சொன்னது, ஜன்னல் துடைக்கும்போது சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போய் அவரை நிற்கவைத்துக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த அம்மா பூவை வைத்தும் வைக்காமலும் போய்விட்டாள்.

இப்போது எழுத முடியவில்லை.

ராத்கா


சோஃபியா
16 ஜூன் 2006

ராத்கா அக்காவுக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

இப்போது அவர் பக்கத்தைத் திறந்தால் எனக்கு உங்கள் குரல்தான் கேட்கிறது. கேட்டதே இல்லாத குரல், ஆனால் கேட்கிறது. பிப்ரவரியில் ஒரு தடவை போனார், இப்போது இரண்டாம் தடவை. நான்கு வருஷம் நான் யாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன் என்று ஆபீசில் உட்கார்ந்து யோசிக்கிறேன். என் பின்னூட்டத்துக்கு அவர் பதில் போடுவார், அந்தப் பதில்கள் எப்போதும் சின்னதாக இருக்கும். "ம், சரிதான்" என்பார். கூச்சக்காரர் என்று நினைத்தேன். மறுநாளைக்கு அவரிடம் சரக்கு இல்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போனால்தான் கிடைக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலைக்குள் என்றீர்கள், கம்பெனி எந்த நாளில் எடுக்கப்போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுகிறேன்.

கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். அதை எடுக்காதீர்கள். முடிந்தால் நீங்கள் எழுதுங்கள். காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்பினால் போதும், நான் அங்கே ஏற்றிவிடுகிறேன், ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். உங்கள் பெயரில் வேண்டுமானால் உங்கள் பெயரில். எல்லோருக்கும் உதவியாக இருக்கும் என்று சொல்ல வந்தேன். இல்லை, எனக்குத்தான் வேண்டும்.

வெலினா


ரூசே
6 ஆகஸ்ட் 2006

வெலினா,

நீ இத்தனை வாரமாகக் காத்திருப்பாய் என்று தெரியும். காத்திருக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

பக்கத்தை விட்டுவைக்கச் சொல்லிவிட்டேன். கம்பெனியிலிருந்து பேசிய பெண் "ஏன் மனசு மாறிட்டீங்க?" என்று கேட்டாள். "அது என் பொருள், என் வீட்டுல எது இருக்கணும்னு உனக்குக் கணக்குச் சொல்லணுமா?" என்றேன். பட்டறைக்காரர் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்து எனக்குத் திறந்து காட்டினார். இப்போது கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் வரைக்கும் போகத் தெரியும். வேறெங்கும் போகத் தெரியாது, வேண்டியதும் இல்லை. முழுக்கப் படித்துவிட்டேன். சில இடத்தில் கெடுத்து வைத்திருக்கிறார். கவுண்டருக்கு வந்த பாதிரியார் கதையில் கடைசி வரியை முதலில் சொல்லிவிட்டார். அதற்குப்போய் நீ "பிரமாதம்" என்று பின்னூட்டம் போட்டிருக்கிறாய். உனக்கு அவர் மேல் எவ்வளவு ஆசை என்று அதில்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

திருடன் என்று எழுதினேன், அது இப்போதும் அப்படித்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேப்பருக்குப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் பேசினேன். இந்த மனுஷன் பேப்பரைப் படிக்கவே இல்லை. ஒரு சொல்லைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஜன்னல் துடைக்கும்போது ஸ்டூல் மேல் நின்றுகொண்டு நான் முணுமுணுத்தது எனக்கே மறந்துபோனது, அங்கே இருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கு சோன்கா வந்து கதவைத் தட்டினாள், நான் திறக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

நான் எழுத மாட்டேன். பட்டறைக்காரர்கூடச் சொன்னார், எழுதும்மா என்று. நான் எழுதினால் நீ காலையில் கோட்டோடு உட்கார்ந்து படித்துச் சிரிப்பாய், அவர் இன்னும் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். அந்தச் சுகத்தை என் கையால் உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இது நல்ல குணம் இல்லை என்று தெரியும். பொறாமை தீர்ந்துவிட்டதா என்று உன் கடிதத்தில் கேட்காமல் கேட்கிறாய். தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. முன்பு நீங்கள் அவரிடமிருந்து என்ன வாங்கினீர்கள் என்று தெரியாமல் எரிந்தேன். இப்போது தெரிந்து எரிகிறேன். நான் சமைத்ததைச் சூடாக எடுத்துக்கொண்டுபோய் உங்கள் மேசையில் வைத்திருக்கிறார். நீங்கள் கூடி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவை பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா சொன்னே ராத்கா" என்று சொல்லியிருந்தால், நான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே பனிட்சா சுட்டு அனுப்பியிருப்பேன்.

இருபதாம் தேதி ஆறு மாதம். காலையில் கல்லறையில் மது ஊற்றி, அவித்த கோதுமை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவோம். நீ வா. சோஃபியாவிலிருந்து முதல் பஸ்ஸுக்கு நான் டிக்கெட் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், அங்கே கவுண்டரில் என் பெயரைச் சொன்னால் கொடுப்பார்கள். அந்த மேசையில் இருந்த மற்றவர்களும் வரட்டும். எட்டு மாடி ஏற முடிகிறவர்கள் மட்டும்.

உன்னிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அதற்குத்தான் கூப்பிடுகிறேன், உறவு கொண்டாட இல்லை. பீர்க்கடையில் அவர் சிரித்தபோது நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். சத்தம் போட்டுச் சிரித்தாரா? தலையைப் பின்னால் சாய்த்தாரா, மேசையைத் தட்டினாரா? கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன், எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. எழுதி அனுப்பாதே. வந்து, என் எதிரே உட்கார்ந்து, அவர் எப்படிச் சிரித்தாரோ அப்படிச் சிரித்துக் காட்டு.

ராத்கா அக்கா